கார்ட்டூன் பார்த்து ஆங்கிலம்: திருகோணமலைப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

திருகோணமலை நகரில் சின்னப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் பாதி நேரம் கார்ட்டூன்தான். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மாமாரும் அப்பாமாரும் வாசலில் நின்று கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பிள்ளை செருப்பு மாட்டுகிற நேரத்துக்குள் அவற்றுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். உப்புவெளியில் கேட்டாலும் கிண்ணியாவில் கேட்டாலும் என் பதில் இதுதான்.

நீங்கள் வகுப்பில் போடுவது எந்தக் கார்ட்டூன்?

பெரும்பாலும் ‘மஸி’. பச்சை நிறத்தில், உடம்பெல்லாம் மயிரோடு, ஆள் உயரத்தைவிடப் பெரிதாக ஒரு விண்வெளி ஜீவன். ‘மஸி இன் கொண்டோலாண்ட்’ என்பது முழுப்பெயர். ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கவென்றே பிபிசி 1986இல் தயாரித்தது. அதன் தொடர்ச்சி 1989இல் வந்தது.

கதை எளிது. கொண்டோலாண்ட் என்றொரு நாடு. அங்கே ராஜா, ராணி, அவர்களுடைய மகள் சில்வியா. அரண்மனைத் தோட்டக்காரன் பொப்புக்குச் சில்வியாமேல் விருப்பம், அவளுக்கும் அவன்மேல் விருப்பம். கோர்வக்ஸ் என்ற பொல்லாத ஆளுக்கும் அவள்மேல் ஒரு கண். பொப்பும் சில்வியாவும் மோட்டார் சைக்கிளில் ஓடிப்போகிறார்கள், பிடிபடுகிறார்கள், பொப் சிறைக்குப் போகிறான். இந்த நேரம் பார்த்து மஸி விண்கலத்தில் வந்து இறங்குகிறது. அதற்குப் பசி வந்தால் மணிக்கூடு, வாகனம் நிறுத்துமிடத்துக் கட்டண மீற்றர் என்று உலோகமாகப் பார்த்துத் தின்னும். அதையும் பிடித்துச் சிறையில் போடுகிறார்கள். பிறகு கோர்வக்ஸ் தன் கணினியை வைத்துச் சில்வியாவைப்போலவே இன்னொரு சில்வியாவை உருவாக்கப் போய், ஒன்று இரண்டாகி, இரண்டு கூட்டமாகி, நாடே குழம்பிப்போகிறது.

இதைச் சுருக்கமாகச் சொல்லாமல் இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைக்கு ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாவிட்டாலும் இந்தக் கதை படத்திலேயே விளங்கிவிடும். யார் நல்லவன், யார் கெட்டவன், யாருக்கு யாரைப் பிடிக்கும் என்று அது கண்டுகொள்ளும். கதை விளங்கினால் அடுத்து அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று அறிகிற ஆசை தானாக வரும். நிறங்களையும் பழங்களையும் வரிசையாகக் காட்டிப் பெயர் சொல்கிற வீடியோக்களில் அந்த ஆசைக்கு இடமே இல்லை.

இது அரதப் பழசு. இப்போதைய பிள்ளைகள் பார்ப்பார்களா?

பார்க்கிறார்கள். முதல் சில நிமிடம் முகத்தைச் சுளிப்பார்கள். மஸி மணிக்கூட்டைக் கடித்ததும் சரியாகிவிடும். பிற்காலத்தில் கணினி வரைகலையில் புதுப்பித்த பதிப்பும் வந்தது. எனக்குப் பழைய கைவரைபடம்தான் பிடிக்கும், அது என் வயசுக்கோளாறு.

பழசாக இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. பாத்திரங்கள் நிதானமாகப் பேசுகின்றன. ஒரு காட்சி முடிந்து அடுத்தது வருவதற்குள் மூச்சுவிட நேரம் இருக்கிறது. இப்போது வருகிற பல வீடியோக்களில் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் படம் மாறுகிறது. பிள்ளை அசையாமல் பார்க்கும், அணைத்துவிட்டு என்ன பார்த்தாய் என்று கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியாது.

எங்கள் பிள்ளை ‘பெப்பா பிக்’ பார்க்கிறாள். அது போதாதா?

நல்ல தொடர். 2004இல் பிரித்தானியாவில் தொடங்கியது, ஒரு கதை ஏறக்குறைய 5 நிமிடம், வீட்டுப் பேச்சு நிறைய வரும். ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. அது ஆங்கிலம் ஏற்கெனவே பேசுகிற பிள்ளைகளுக்காக எடுத்தது. அங்கே அம்மாவும் அப்பாவும் பிள்ளைகளோடு பேசுகிற வேகத்தில் பேசுவார்கள், கேலி செய்வார்கள், அரைவாக்கியத்தில் நிறுத்துவார்கள். ‘மஸி’ போன்றவை புதிதாகத் தொடங்குகிறவனை மனதில் வைத்து எழுதப்பட்டவை. முதலில் ‘ஐ ஆம்’, பிறகு ‘ஐ லைக்’, பிறகு ‘வேர் இஸ்’ என்று படியாக ஏறும். இடையிடையே நோர்மன் என்று ஓர் ஆள் வந்து, கதையில் வந்ததை வேறு விதமாகச் செய்துகாட்டிவிட்டுப் போவான்.

ஒன்றும் தெரியாத பிள்ளைக்கு முதலில் கற்பிக்கவென்று எடுத்த தொடர். அது கொஞ்சம் பிடிபட்ட பிறகு பெப்பா. இந்த ஒழுங்கை மாற்றினால் தலை வெடிக்காது, ஆனால் மெதுவாகும்.

எந்த வயதில் தொடங்கலாம்?

4 வயதுக்கு முன் அவசரம் வேண்டாம் என்பது என் கருத்து. 2 வயசுப் பிள்ளைக்கு ஃபோனைக் கொடுத்துவிட்டு, “ஏ பி சி டி எல்லாம் சொல்லுறான் ரீச்சர்” என்று பெருமைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பாட்டு மனப்பாடம். அந்த வயசில் திரையிலிருந்து மொழி ஏறுவது மிகக் கடினம்.

இதைப்பற்றி ஒரு பெயர்பெற்ற ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் பற்ரிசியா கூல் என்பவரும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்டார்கள். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்கிற 9 மாதக் குழந்தைகளில் ஒரு பகுதியினரோடு சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் வாசித்துக் காட்டினார்கள். இன்னொரு பகுதியினருக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழிக்கே உரிய ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். வீடியோ பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றுமே ஏறவில்லை. பெரிய பிள்ளைகளுக்கு இது அப்படியே பொருந்தாது. ஆனாலும் பக்கத்தில் ஓர் ஆள் இருப்பதன் பெறுமதியை நான் இந்த ஆய்வை வைத்துத்தான் எப்போதும் சொல்வேன்.

நம் பாடசாலை முறையையும் பாருங்கள். தரம் 1, 2இல் வாய்மொழியாக, விளையாட்டும் பாட்டுமாக ஆங்கிலம், தரம் 3இலிருந்து ஆங்கிலப் புத்தகம் என்பதுதான் நீண்டகாலமாக உள்ள ஒழுங்கு. ஆக 5 முதல் 8 வயது வரை கார்ட்டூனுக்குச் சரியான காலம். புத்தகம் கைக்கு வரும்போது காது பழகியிருக்கும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

10 நிமிடம், கூடினால் 15. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு: 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணிநேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. அந்த 1 மணிநேரம் என்பது அம்மம்மாவின் நாடகத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற நேரத்தையும் சேர்த்துத்தான்.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தமிழில் சொல்லிக்கொடுக்கலாமா?

தாராளமாக. ஆனால் எப்போது சொல்கிறீர்கள் என்பது முக்கியம். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு வசனமாக நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னால் பிள்ளை ஆங்கிலத்தைக் கேட்பதையே விட்டுவிடும். எப்படியும் அம்மா சொல்லப்போகிறாதானே என்று உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

போடுவதற்கு முன்னாலேயே கதையைத் தமிழில் சொல்லிவிடுங்கள். “இன்றைக்கு மஸி வந்து இறங்கப்போகுது. அதுக்குச் சரியான பசி. என்ன தின்னும் எண்டு பார்ப்பம்” என்று சொன்னால் போதும். பிறகு நிறுத்தாமல் ஓடவிடுங்கள். முடிந்த பிறகு தமிழிலேயே கதைக்கலாம்: ராஜாவுக்கு ஏன் கோபம் வந்தது? கோர்வக்ஸ் செய்தது சரியா? இப்படிக் கதைக்கும்போது பிள்ளை நடுவில் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தானே போடும். “அவன் கிளெவராம், ஆனா கெட்டவன்” என்று ஒரு சின்னன் ஒருநாள் கோர்வக்ஸைப் பற்றிச் சொன்னான். அந்தச் சொல்லை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

திரும்பத் திரும்ப அதே பகுதியைத்தான் கேட்கிறான். அலுப்பாக இருக்கிறது.

உங்களுக்குத்தான் அலுப்பு, அவனுக்கில்லை. போட்டுக்கொடுங்கள். அமெரிக்காவில் ‘புளூஸ் குளூஸ்’ என்ற சிறுவர் தொடரை ஒளிபரப்பியவர்கள் ஒரே அத்தியாயத்தை வாரத்தில் 5 நாளும் வேண்டுமென்றே போட்டார்கள். ஆய்வு செய்து பார்த்தபோது பிள்ளைகளின் கவனம் குறையவில்லை. விளங்குவது கூடியது, திரையைப் பார்த்துப் பதில் சொல்வதும் கூடியது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்த பிறகுதான் பிள்ளைக்குக் காதைக் கொடுக்க நேரம் கிடைக்கிறது.

எனக்கே ஆங்கிலம் வராது. நான் பக்கத்தில் இருந்து என்ன செய்ய?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்கும்போது எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், ஏதோ கடன் கேட்கிற மாதிரி.

உங்களுக்கு ஆங்கிலம் வரத் தேவையில்லை. பிள்ளையோடு சேர்ந்து பார்க்கத் தெரிந்தால் போதும். சிரிக்கிற இடத்தில் சிரியுங்கள். கோர்வக்ஸ் வரும்போது “ஐயோ, இவன் வந்திட்டான்” என்று பதறுங்கள். அவர்கள் சொல்வதைப் பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் சத்தமாகச் சொல்லுங்கள். பிழையாக வந்தால் வரட்டும், சரியான உச்சரிப்பு திரையில் இருக்கிறது.

இன்னொரு வழி, பிள்ளையை ரீச்சர் ஆக்குவது. “இது என்ன சொல்லுது மகன்? எனக்கு விளங்கேல்ல” என்று உண்மையாகவே கேளுங்கள். தாய்க்குச் சொல்லிக்கொடுக்கிற வாய்ப்புக் கிடைத்த பிள்ளையின் நெஞ்சு எவ்வளவு நிமிரும் என்று பார்க்கவேண்டும். அப்புறம் அவன் கதையை இன்னும் கவனமாகப் பார்ப்பான், நாளைக்கும் அம்மா கேட்பா என்று.

என் வகுப்பில் வேகமாகப் பேசத் தொடங்கிய சில பிள்ளைகளின் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர் யாருமே இல்லை. ஒரு வீட்டில் அம்மம்மாதான் கூட இருந்து பார்ப்பவர். அவர் மஸியைப் பற்றிப் பேசுவதெல்லாம் தமிழில்தான், அதுவும் அதைக் கண்டபடி ஏசிக்கொண்டு. “இந்தப் பேய்க்கு வீட்டில சோறு போடேல்லையோ” என்று அவர் கேட்க, பேத்தி அந்தக் கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். மாறாக, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த சில பெற்றோர் ஒவ்வொரு சொல்லையும் திருத்தித் திருத்திப் பிள்ளையின் வாயையே மூடிவிடுகிறார்கள். திருத்துவதை என்னிடம் விட்டுவிடுங்கள், சம்பளம் வாங்குகிறேன்.

கார்ட்டூன் முடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். உண்மையான பாடம் அங்கேதான் நடக்கிறது.

நமக்கு இருப்பதுபோல ஓர் ஊர் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? பிரட்றிக் கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் புள்ளிமான் ஆடுமாடு மாதிரித் திரிகிறது. கோணேஸ்வரத்துக்குப் போகிற வழியில் நின்று, “வேர் இஸ் த டியர்?” என்று கேளுங்கள். மரத்தடியில், சுவர் ஓரத்தில், வாகனத்துக்குப் பின்னால் என்று பதில் வரும். ‘அண்டர்’, ‘நியர்’, ‘பிஹைன்ட்’ மூன்றும் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. வகுப்பில் இதற்குப் பந்தையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு பெரும்பாடு.

கன்னியா வெந்நீரூற்றில் 7 கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். ‘ஹொட்’, ‘வோர்ம்’ இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தண்ணீர் ஊற்றியே காட்டலாம். டச்சுக்குடாக் கடற்கரையில் நின்றால் வள்ளம், கப்பல், பெரியது, சின்னது, தூரம், கிட்ட எல்லாம் இருக்கிறது. மீன்சந்தையில் “ஐ லைக் திஸ், ஐ டோன்ட் லைக் தட்” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லிப்பார்க்கலாம். தெருப் பெயர்ப்பலகையெல்லாம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் இருக்கிறது. எழுத்து வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு பஸ்ஸில் யன்னலோர இருக்கையைக் கொடுத்தால், தம்பலகாமம் போய்ச் சேர்வதற்குள் ஒரு பாடம் முடிந்துவிடும்.

நான் வகுப்பில் செய்கிற ஒரு விளையாட்டைச் சொல்கிறேன், வீட்டிலும் செய்யலாம். மஸி திருகோணமலைக்கு வந்தால் எதைத் தின்னும்? பிள்ளைகள் ஆளாளுக்குக் கத்துவார்கள். ரயில் நிலைய மணிக்கூடு. அப்பாவின் சைக்கிள். சீனன்குடா விமானம். கடற்படைக் கப்பல். ஒருத்தி, எங்கள் வீட்டுக் கேற், ஆனால் பூட்டை விட்டுவிடும் என்றாள். ஏன் என்று கேட்டால், பூட்டு துருப்பிடித்தது, அதற்குப் பிடிக்காது என்றாள். ஒவ்வொருவரும் தாங்கள் சொன்னதை வரைய வேண்டும், கீழே “மஸி ஈட்ஸ்” என்று தொடங்கி ஒரு வரி எழுத வேண்டும். இலக்கணப் புத்தகம் ஒரு பக்கம் முழுக்க விளக்குகிற அந்தக் கடைசி ‘ஸ்’ ஒலி, கப்பலையும் கேற்றையும் தின்றுகொண்டே பிள்ளைகளின் வாயில் பழகிவிடுகிறது.

இளவரசி தோட்டக்காரனோடு மோட்டார் சைக்கிளில் ஓடிப்போகிறாள். இதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

ஒரு அப்பா என்னிடம் மிகவும் சீரியஸாகக் கேட்டார். சரி, நியாயமான கேள்விதான். கதையில் அவர்கள் பிடிபடுகிறார்கள், தண்டனை கிடைக்கிறது, கடைசியில் ராஜா மனம் மாறிச் சம்மதிக்கிறார். 6 வயசுப் பிள்ளைக்கு அதில் கண்ணில் படுவது மோட்டார் சைக்கிள்தான். நம்முடைய வள்ளி திருமணக் கதையையும் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டுப் போனார், பிள்ளை இன்னும் வகுப்புக்கு வருகிறது.

இரண்டாவது தொடரில் பொப், சில்வியா தம்பதியின் குழந்தையைக் கோர்வக்ஸ் கடத்துவான். மிகவும் பயந்த சுபாவமுள்ள பிள்ளையென்றால் அதை மட்டும் கொஞ்சம் பிந்திக் காட்டுங்கள்.

உச்சரிப்பு எப்படி இருக்கும்? பிரித்தானிய ஆங்கிலமா, அமெரிக்க ஆங்கிலமா?

மூலம் பிரித்தானிய ஆங்கிலம். அமெரிக்க உச்சரிப்பிலும் ஒரு பதிப்பு உண்டு. எது கிடைத்தாலும் பரவாயில்லை. நாம் இலங்கையில் லொறி என்கிறோம், பாடப்புத்தகமும் பிரித்தானிய வழக்கைப் பின்பற்றுவதுதான், அதனால் முடிந்தால் முதலாவதை எடுங்கள். பிள்ளை பிபிசிக்காரர்போலப் பேசவேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இலங்கைக்காரர் இலங்கைக்காரராகத்தான் ஆங்கிலம் பேசுவார்கள், அதில் குறையொன்றும் இல்லை.

கவனிக்க வேண்டியது வேறொன்று. தமிழில் ‘ப’ என்ற ஓரெழுத்தே சொல்லின் இடத்துக்கேற்ப அழுத்தியும் மெதுவாகவும் ஒலிக்கும். ஆங்கிலத்தில் அந்த இரண்டும் வேறு வேறு எழுத்து, பொருளையே மாற்றிவிடும். ‘பிக்’ என்று தமிழில் எழுதினால் அது பன்றியா, பெரியதா? மஸி தன்னைப் பெரிய மஸி என்று அறிமுகப்படுத்தும்போது, புதிய பிள்ளைகள் அதைப் பன்றி மஸி ஆக்கிவிடுவார்கள். ‘த’, ‘க’ வரிசைகளிலும் இதே சிக்கல் உண்டு. ‘மஸி’ என்ற பெயரின் நடுவில் வருகிற தேனீ இரைகிற மாதிரியான ஒலிக்கும் தமிழில் எழுத்தில்லை. தொண்டையில் கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதிர்ந்தால் சரி, அதிராவிட்டால் வெறும் ‘ஸ’. பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு, வகுப்பு முழுக்கத் தேனீக் கூடாகிவிடும்.

இதனால்தான் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம் என்கிறேன். இந்தப் பக்கத்தில் நான் எழுதுவது உங்களுக்காக. பிள்ளைக்குக் காதுதான் கொப்பி.

மாதக்கணக்காகப் பார்க்கிறாள், ஒரு சொல்கூடப் பேசுவதில்லை.

பேசாமல் இருக்கிற காலம் ஒன்று புதிய மொழி கற்கிற பல பிள்ளைகளுக்கு உண்டு. உள்ளே சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். “சொல்லு, மாமாவுக்குச் சொல்லிக் காட்டு” என்று விருந்தாளிக்கு முன்னால் நிறுத்துவதைப்போலக் கெடுதல் வேறில்லை.

விளங்குகிறதா என்று பார்க்க வேறு வழி இருக்கிறது. “ஸ்டான்ட் அப்”, “ஓப்பன் த டோர்”, “கிவ் மி த ஸ்பூன்” என்று சொல்லிப்பாருங்கள். எழும்பினால், கதவைத் திறந்தால், கரண்டியைத் தந்தால் பாடம் ஏறியிருக்கிறது. ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதையே ஒரு கற்பித்தல் முறையாக வளர்த்தெடுத்தார். கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்வது முதலில், வாயால் பேசுவது தானாக வரும்போது.

இதைப் பார்த்தால் எழுதவும் வாசிக்கவும் வருமா? புலமைப்பரிசிலுக்கு உதவுமா?

வராது. எழுத்து வேறு வேலை. அதற்குப் புத்தகமும் பென்சிலும் வேண்டும். கார்ட்டூன் தருவது காதும் தைரியமும்தான். தரம் 5 பரீட்சைக்கு இதை நம்பிப் பிள்ளையை ரீவிக்கு முன்னால் இருத்த வேண்டாம், அதற்காகக் கார்ட்டூனை நிறுத்தவும் வேண்டாம்.

கீழே எழுத்து ஓடவிடலாமா?

வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அது வெறும் கோடு. வாசிக்கத் தொடங்கியவனுக்கு ஆங்கில எழுத்தைப் போடலாம், கேட்கிற ஒலியும் பார்க்கிற எழுத்தும் ஒட்டிக்கொள்ளும். தமிழ் எழுத்துப் போடவேண்டாம். கண் தமிழுக்குப் போய்விடும், காது தூங்கிவிடும்.

டேட்டா செலவு கட்டுப்படியாகவில்லையே?

360 பிக்சல் தரத்தில் வைத்தால் 1 மணிநேரத்துக்குச் சுமார் 300 எம்.பி. போகும். 10 நிமிடத்துக்கு 50 என்று கணக்குப் போடுங்கள். சின்ன ஃபோன் திரைக்கு அதற்கு மேல் தரம் தேவையில்லை. செயலியிலேயே முறையாகத் தரவிறக்கி வைக்க முடிந்தால் ஒருமுறை இறக்கினால் போதும், பிள்ளை எப்படியும் அதையே நாலு நாள் பார்க்கப்போகிறது.

யூரியூப்பில் அடுத்தது தானாக ஓடுவதை மட்டும் மறக்காமல் நிறுத்திவையுங்கள். மஸியில் தொடங்கி, பொம்மைப் பெட்டி உடைத்துக் காட்டுகிற வீடியோவில் முடிந்த மாலைகள் எல்லா வீட்டிலும் உண்டு. ஃபோனைச் சுவரில் சாய்த்து மேசையில் வைப்பது நல்லது. கையில் கொடுத்தால் அது பிள்ளையின் தனிச்சொத்து ஆகிவிடும், நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்க முடியாது.

வகுப்பில் தமிழ், பக்கத்து வீட்டில் சிங்களம், இப்போது ஆங்கிலம். பிள்ளை குழம்பாதா?

குழம்பாது. திருகோணமலைக் கடைக்காரர் ஒருவரைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். ஒரே கல்லாவில் இருந்துகொண்டு மூன்று மொழியில் மிச்சக்காசு கொடுப்பார். நம் ஊர்ப் பிள்ளைக்கு மூன்று மொழி காதில் விழுவது புதிதில்லை. ஒரு வசனத்துக்குள் இரண்டு மொழியைக் கலந்து பேசினால் அது கையில் இருக்கிற சொல்லை எடுத்து வேலையை முடிக்கிற கெட்டித்தனம். நாளடைவில் தானே பிரித்துக்கொள்ளும்.

எனக்குக் கவலையெல்லாம் வேறு. ஆங்கிலம் வரவேண்டும் என்று வீட்டில் தமிழ்ப் பேச்சையே குறைத்து, தமக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் “கம் ஹியர்”, “டோன்ட் டச்” என்று மட்டும் பிள்ளையோடு பேசுகிற வீடுகள் கூடிவருகின்றன. அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் கிடைப்பது நாலு கட்டளை, தமிழில் இழப்பது ஒரு முழுக்கதை. தமிழில் நீட்டி நீட்டிக் கதை சொல்லத் தெரிந்த பிள்ளைதான் என் வகுப்பில் ஆங்கிலத்திலும் முதலில் கதை சொல்ல வருகிறது. சொல் தெரியாவிட்டாலும் கதை எப்படிப் போகும் என்று அதற்குத் தெரிகிறதே.

எத்தனை மாதத்தில் பேசுவான்?

திகதி கேட்காதீர்கள். வாரத்தில் சில நாள் 10 நிமிடம் பார்த்து, அதைப்பற்றிக் கொஞ்சம் கதைத்து, வெளியே கொஞ்சம் சொல்லிப்பார்த்தால், ஒரு வருடத்தில் பிள்ளை தன் பெயர், விருப்பு வெறுப்பு, எது எங்கே இருக்கிறது, யார் என்ன செய்கிறார் என்கிற அளவுக்குப் பயமில்லாமல் பேசும். அதற்கு மேல் போக ஆட்களோடு பேசவேண்டும், புத்தகம் வாசிக்கவேண்டும். மூன்று மாதத்தில் சரளம் என்று யாராவது துண்டுப்பிரசுரம் கொடுத்தால் அதில் விமானம் செய்து விளையாடலாம்.

பெரியவர்கள் இதைப் பார்த்துப் படிக்கலாமா?

படிக்கலாம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதிகளில் வேலை செய்கிறவர்களும் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர்களும் இதை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு இருக்கிற ஒரே தடை வெட்கம். பச்சைப் பிசாசைப் பார்த்து ஆங்கிலம் படிக்கிறேன் என்று சொல்ல ஒரு மாதிரி இருக்கும். பிள்ளையோடு சேர்ந்து பார்த்தால் அந்தச் சாட்டும் கிடைத்துவிடுகிறது.

மகளைக் கூட்டிப்போக வருகிற ஒரு முச்சக்கரவண்டி அண்ணன் அரைமணிநேரம் முன்பே வந்துவிடுவார். உள்ளே வரமாட்டார், யன்னலோரம் நிற்பார். கோர்வக்ஸ் மாட்டிக்கொள்கிற இடத்தில் வகுப்பில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது அவர்தான். போனவாரம் வெள்ளைக்காரத் தம்பதியைக் கன்னியாவுக்கு ஏற்றிப்போனபோது “நொட் ஹொட், வோர்ம்” என்று தானே விளக்கிச் சொன்னதாகச் சொன்னார். வாடகையையும் ஆங்கிலத்தில்தான் பேசினாராம், அதில் மட்டும் கொஞ்சம் குறைத்துவிட்டார்களாம். விலைபேசப் பழக மஸி போதாது, அதற்கு வேறு பாடம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.